குடியுரிமைப் பரீட்சை

முப்பது ஆண்டுகளாகப் பரீட்சைகளோடு பழகி வருபவன் நான். எனினும், பாடசாலையை விட்டுச் சென்று பல்லாண்டுகள் கழிந்த மாணவி ஒருவர், "சேர், எனக்குப் பரீட்சை வருகிறது, எப்படிப் படிப்பது?" என்று தொலைபேசியில் கேட்டபோது சற்றே வியந்தேன். மலையகத் தோட்டமொன்றிற் பிறந்த அவர், இன்று கனடாவில் ரொறன்ரோ நகரில் குடும்பத்தோடு வாழ்கிறார். அவர் குறித்தது அந்நாட்டுக் குடியுரிமைப் பரீட்சையை.

அதன் அமைப்பு எளியது. விண்ணப்பிப்பதற்கு முந்திய ஐந்தாண்டுகளுள் 1,095 நாட்களாவது அந்நாட்டில் வாழ்ந்திருத்தல் வேண்டும். 18 முதல் 54 வயது வரையுள்ளோர் 20 வினாக்களுக்கு ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ விடையளிக்க வேண்டும். 15 சரியாயின் சித்தி. வினாக்கள் யாவும் அரசு இலவசமாக வழங்கும் ஒரே கைந்நூலிலிருந்து எழுபவை.

அவ்வாறாயின் இடர்ப்பாடு யாது? இரவு வேலை முடிந்து பேருந்தில் வீடு திரும்பும் வேளையில் அவர் மாதிரி வினாக்களை மனனம் செய்தார். மறுநாள் 1867இல் நடந்தது எது, 1982இல் நடந்தது எது என்று தடுமாறினார். பொருள் விளங்காமற் பெற்ற விடை ஓட்டைக் குடத்து நீர் அல்லவா?

"மாதிரி வினாக்களை இறுதி வாரத்துக்கு ஒதுக்கி வை, பிள்ளை. நூலை முதற்பக்கத்திலிருந்து கதைபோல வாசி" என்றேன். அந்த மண்ணின் ஆதிக்குடிகள் முதலில் வருகிறார்கள். பின்னர் பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர். 1867இல் ஒன்றாரியோ, கியூபெக், நோவாஸ்கோசியா, நியூபிரன்சுவிக் என்னும் நான்கு மாகாணங்களோடு கூட்டாட்சி பிறக்கிறது. 1982இல் உரிமைகள் சாசனம் அரசியலமைப்பில் இடம்பெறுகிறது. 1999இல் நுனாவுற் ஆட்சிப்புலம் உருவாக, மாகாணங்கள் 10, ஆட்சிப்புலங்கள் 3 என்றாகின்றது. இவ்வாறு கோத்துப் படித்தால் ஆண்டுகள் தாமே நினைவில் நிற்கும். படித்த பக்கத்தை மறுநாள் தம் பிள்ளைகளுக்குத் தமிழில் எடுத்துச் சொல்லுமாறும் கூறினேன். பிறர்க்கு விளக்க இயன்றதே நாம் உண்மையிற் கற்றது.

சில வாரங்களின் பின் அவர் மீண்டும் அழைத்தார். இம்முறை குரலில் அச்சம் இல்லை. ஐயம் ஒன்று இருந்தது. குடிமக்களின் கடமைகளுள் வாக்களித்தலோடு, நீதிமன்றில் யூரராக அமர்தலும் ஒன்றென நூலிற் கண்டிருக்கிறார். "சேர், வழக்கொன்றில் தீர்ப்புச் சொல்ல என்னையும் அழைப்பார்களா?" என்று கேட்டார். அழைக்கக்கூடும் என்றேன். சிறிது நேரம் அவர் பேசவில்லை. பின்னர் தம் தாத்தாவைப் பற்றிச் சொன்னார்.

அவர் தாத்தா இலங்கையிலேயே பிறந்தவர். ஆனால், தந்தையும் இங்கே பிறந்தவர் என்பதற்குச் சான்று கேட்டது 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம். அவரிடம் பத்திரம் இல்லை. நாடற்றவராகவே வாழ்ந்து மறைந்தார். அவ்வாறு எஞ்சியிருந்த பலருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே வழி திறந்தது. "தாத்தாவிடம் எவரும் வினாக் கேட்கவில்லை, சேர், பத்திரந்தான் கேட்டார்கள். படித்தால் திறக்கும் கதவு என்றால் அவர் இரவு பகலாகப் படித்திருப்பார்" என்றார் அம்மாணவி.

நேயர்களே, அச்சொற்கள் என்னை விட்டு நீங்கவில்லை. இருபது வினாக்களால் ஒருவரின் நாட்டுப்பற்றை அளந்துவிட முடியாதுதான். ஆயினும், முயன்று கற்பார்க்குத் திறக்கும் கதவு, பிறப்பைக் காட்டி அடைக்கப்படும் கதவினும் மேலானது. ஆதலின், உங்கள் உறவினர் எவரேனும் இத்தகைய பரீட்சைக்கு ஆயத்தமாகின், நூலை முழுமையாகப் படிக்கச் சொல்லுங்கள். விடைகள் ஒரு நாளைக்கு உதவும். உரிமையையும் கடமையையும் உணர்ந்த அறிவு வாழ்நாள் முழுதும் உதவும்.

மாணவி சித்தியெய்தினார். இப்பொழுது யூரர் அழைப்புக்காகக் காத்திருக்கிறார்.