சுவர் யாருடையது?



நம் ஊரான பாடாங் செராயிலிருந்து பினாங்குக்குச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் ஆர்மேனியன் சாலையில் அந்தச் சைக்கிள் பிள்ளைகளோடு படம் எடுக்காமல் திரும்புவதில்லை. பிள்ளைகள் இருவரும் சுவர் ஓவியம். அவர்கள் ஏறியிருக்கும் சைக்கிள் நிஜம். லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சக்கரேவிச் 2012-இல் ஜார்ஜ்டவுன் விழாவுக்காக வரைந்தது.

மறு ஆண்டு நவம்பரில் அவரே ஜொகூர் பாருவில் ஒரு கட்டட மூலையில் வரைந்தார். கைப்பையோடு ஒரு லெகோ பொம்மைப் பெண். மூலைக்கு அந்தப் பக்கம் கத்தியோடு காத்திருக்கும் திருடன். வழிப்பறியால் நொந்திருந்த ஊருக்குச் சுருக்கென்று தைத்தது. சில நாள்களிலேயே மாநகர் மன்றம் வெள்ளைச் சாயம் அடித்துவிட்டது. ஒரே கை வரைந்ததுதான். பினாங்கில் சுற்றுலாப் பெருமை, ஜொகூரில் ஊருக்கு அவமானம்.

சிங்கப்பூரில் நடந்தது இன்னும் வேடிக்கை. 2010-இல் அங்கே வேலை செய்த ஒரு சுவிஸ்காரர், பணிமனை வேலியை வெட்டி உள்ளே போய், எம்ஆர்டி ரயில் பெட்டியில் ஸ்ப்ரே சாயத்தால் பெரிய எழுத்துகளைத் தீட்டினார். பார்த்த ஊழியர்கள் விளம்பரம் என்று நினைத்துவிட்டார்களாம்! அவருக்கு மூன்று பிரம்படி; ஐந்து மாதச் சிறை மேல்முறையீட்டில் ஏழு மாதமாக ஏறியது. ஆக, காசு கட்டிய எழுத்தா, கட்டாத எழுத்தா என்று கண்ணுக்குத் தெரியவில்லை.

கலையா என்பது ஒரு கேள்வி, குற்றமா என்பது வேறொரு கேள்வி. இரண்டுக்குமே ‘ஆம்’ என்று பதில் வரலாம். தீபாவளிக்குச் சாயம் அடித்த கடைச் சுவரில், மறுவாரமே ஒரு பையன் ஒரே வீச்சில் தன் பட்டப்பெயரை எழுதிவிட்டுப் போகிறான். அந்த வளைவுக்குக் கைப்பழக்கம் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மறுபடியும் சாயம் வாங்கும் செலவு கடைக்காரருடையது. கேட்டுவிட்டு வரையட்டும். கோலாலம்பூரில் பாசார் செனி ரயில் நிலையத்தருகே, கிள்ளான் ஆற்றின் கரைச்சுவரில் இளைஞர்கள் வரைந்து பழகினார்களே, அப்படி ஒரு சுவரை நம் ஊரிலும் ஒதுக்கலாம்.

எனக்கு உண்மையில் எரிச்சல் தருவது வேறு. கடன் வாங்கியவர் வீட்டுக் கதவில் சிவப்புச் சாயம் ஊற்றும் வட்டி முதலைகள், விளக்குக் கம்பந்தோறும் தொலைபேசி எண்ணை ஒட்டிவிட்டுப் போகிறார்கள். அது மாதக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. அதைச் சுரண்ட மட்டும் யாருக்கும் அவசரமில்லை.