பட்டாணி அளவு பசை
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



நமது சங்க அலுவலகக் கம்ப்யூட்டர் இந்தக் கோடையில் அடிக்கடி தானாக அணைந்துபோனது உங்களுக்குத் தெரியும். பராமரிப்புக் கட்டணக் கணக்கைப் பாதியில் தொலைத்துவிட்டு நான் தலையில் கைவைத்து உட்கார்ந்த நாட்கள் உண்டு. பழுது பார்க்க வந்தவர், "ஏழு வருஷ மெஷின் சார், புதுசு வாங்கிடுங்க" என்றார். சங்கப் பணம், எனக்கு மனசு வரவில்லை. நான் பி.காம். படித்து வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன். எஞ்சினியர் அல்ல. ஆனால் காரணம் கேட்காமல் செலவுச் சீட்டு எழுதிப் பழக்கமில்லை.

மூன்றாம் மாடித் தம்பி ஒருவர் துணையோடு பெட்டியைத் திறந்தேன். ப்ராசஸர் மேல் ஃபேனுடன் கூலர் உட்கார்ந்திருக்கும். இரண்டுக்கும் நடுவே தெர்மல் பேஸ்ட் என்ற பசை இருக்கவேண்டும். அது காய்ந்து விபூதி மாதிரி உதிர்ந்தது.

பசை எதற்கு? அடி நெளிந்த பாத்திரம் மின்அடுப்பில் சீக்கிரம் சூடாகாது அல்லவா? நடுவில் காற்று நிற்கிறது. வழவழவென்று தெரியும் உலோகத்திலும் நுண்ணிய மேடுபள்ளங்கள் உண்டு. வெப்பம் கடத்தும் திறன் ஒரே அலகில் செம்புக்குச் சுமார் 400, காற்றுக்கு 0.026. பசைகள் பலவற்றுக்கு 1 முதல் 10 வரை. அதாவது பசை காற்றைவிடப் பல மடங்கு மேல். செம்புக்குப் பக்கத்தில்கூட வராது. எனவே பள்ளம் நிரம்பினால் போதும், கனமாகப் பூசினால் கெடுதல். நான் முதலில் டூத்பேஸ்ட் மாதிரி பிதுக்கி, வழிந்ததைத் துடைத்து மறுபடி வைத்தேன்.

செய்முறை இதுதான். பிளக்கைப் பிடுங்குங்கள். கூலரை மெல்லத் திருகி அசைத்து எடுங்கள். பழைய பசையை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். நடுவில் பட்டாணி அளவு புதுப்பசை. திருகுகளை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். மின்சாரம் கடத்தாத பசையாகப் பார்த்து வாங்குங்கள். லேப்டாப் என்றால் விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். வாரண்டி இருந்தால் கை வைக்கவே வேண்டாம்.

95 டிகிரியைத் தொட்ட சூடு இப்போது 70ஐத் தாண்டவில்லை. ஃபேனில் அடைந்திருந்த தூசியையும் தட்டினோம். புண்ணியத்தில் பாதி அதற்கும் சேரும். செலவு 300 ரூபாய், ரசீது கோப்பில் இருக்கிறது. மீதிப் பசை அலுவலக மேஜை டிராயரில் இருக்கிறது. வேண்டியவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.