மாதப் பெட்டியும் மூன்று கேள்விகளும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ‘அழகும் அருளும்’ எனும் தலைப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ அழகுப் பொருள் வாங்கப் போனால், கடைக்காரரிடம் நாலு வார்த்தை கேட்டு, மூடியைத் திறந்து முகர்ந்து, புறங்கையில் தேய்த்துப் பார்த்த பிறகே பணத்தை எடுப்பது வழக்கம். அந்த வழக்கத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு முறை வளர்ந்து வந்திருக்கிறது. மாதத்துக்கு ஒரு பெட்டி வீட்டு வாசலுக்கு வந்து சேர்கிறது. உள்ளே நான்கைந்து சிறு குப்பிகள், உறைகள். என்ன வரும் என்பது திறக்கும்வரை தெரியாது. சந்தா மட்டும் வங்கி அட்டையிலிருந்து மாதந்தோறும் தவறாமல் கழிந்துவிடும்.

இந்த முறையைப் பெரிய அளவில் பிரபலப்படுத்தியது பர்ச்பாக்ஸ் எனும் நிறுவனம். 2010-இல் நியூயார்க்கில் இரண்டு பெண்கள் அதைத் தொடங்கினார்கள். மாதம் 10 டாலருக்கு நான்கைந்து மாதிரிப் பொருள்கள் என்பதே திட்டம். பிறகு அதே பாணியில் பல பெட்டிகள் வந்தன. விலங்குகளை வதைக்காத, விலங்குப் பொருள் கலக்காத அழகுப் பொருள்களுக்கென்றே தனிப் பெட்டிகளும் வந்தன.

நல்ல நோக்கம்தானே, அதில் என்ன யோசனை என்று கேட்கலாம். நோக்கம் நல்லதுதான். ஆனால் ‘வதையற்றது’, ‘வீகன்’, ‘இயற்கையானது’ என்ற சொற்களைப் பெட்டியின் மேல் பார்த்ததும் எல்லாக் கேள்விகளுக்கும் பதில் கிடைத்துவிட்டதாகப் பலர் எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இதற்காக எந்த விலங்கையாவது சோதித்தார்களா? இதற்குள் விலங்கிலிருந்து எடுத்தது ஏதாவது இருக்கிறதா? இதைப் பூசுகிறவரின் தோலுக்கு இது தீங்கில்லாததா? ஒன்றுக்குக் கிடைத்த பதில் மற்றொன்றுக்குப் பதிலாகாது.

குறள் காட்டும் வேறுபாடு

முதல் இரண்டு கேள்விகளையும் பிரித்துப் பார்ப்பது தமிழருக்குப் புதிதல்ல. திருக்குறளில் புலால் மறுத்தல் 26ஆவது அதிகாரம். இன்னா செய்யாமை 32ஆவது, கொல்லாமை 33ஆவது அதிகாரம். உண்ணாமல் இருப்பது ஓர் அறம், துன்புறுத்தாமல் இருப்பது இன்னோர் அறம் என்று வள்ளுவர் தனித்தனியே பத்துப் பத்துக் குறள்கள் வைத்தார். இன்றைய பெட்டியில் ‘வீகன்’ என்பது உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சொல்லும் சொல். ‘வதையற்றது’ என்பது என்ன செய்தார்கள் என்பதைச் சொல்லும் சொல்.

வீகன் என்பதைத் தமிழில் நனிசைவம் என்கிறார்கள். பால், தயிர், நெய், தேன் ஆகியவற்றுக்கும் அதில் இடமில்லை. ஆகவே சைவம் வேறு, நனிசைவம் வேறு. பாட்டி சொன்ன கடலைமாவும் தயிரும் கலந்த முகப்பூச்சு நல்ல பொருள்தான். ஆனால் அது நனிசைவம் ஆகாது.

முயலின் கண்

முதல் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. 1944-இல் அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகத்தில் பணியாற்றிய ஜான் டிரெய்ஸ் என்பவர் ஒரு சோதனை முறையை வகுத்தார். ஒரு பொருளை முயலின் கண்ணில் இட்டு, அது எவ்வளவு எரிச்சலும் புண்ணும் உண்டாக்குகிறது என்று நாள்கணக்கில் கவனிப்பதே அந்த முறை. 1980-இல் ஹென்றி ஸ்பைரா என்பவர் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் முழுப்பக்க விளம்பரம் வெளியிட்டு, அழகுக்காக எத்தனை முயல்களைக் குருடாக்குகிறீர்கள் என்ற பொருளில் ரெவ்லான் நிறுவனத்தைக் கேட்டார். அந்த ஆண்டு இறுதிக்குள் மாற்றுச் சோதனை முறைகளை ஆராய 7,50,000 டாலர் தருவதாக அந்நிறுவனம் அறிவித்தது.

அதன் பிறகு சட்டங்கள் வந்தன. விலங்குகளில் சோதித்த ஒப்பனைப் பொருள்களின் விற்பனையை ஐரோப்பிய ஒன்றியம் 2013 மார்ச் மாதத்தில் முழுமையாகத் தடை செய்தது. இந்தியா 2014-இல் சோதனையையும், அதே ஆண்டில் அவ்வகைப் பொருள்களின் இறக்குமதியையும் தடுத்தது. இறக்குமதியாகும் சாதாரண ஒப்பனைப் பொருள்களுக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்றிருந்த சீனா, 2021 மே மாதம் முதல் நிபந்தனைகளுடன் அதைத் தளர்த்தியது. அதற்கு முன்பு, “நாங்கள் சோதிப்பதில்லை” என்று சொன்ன நிறுவனம் சீனச் சந்தையில் விற்றால், அதன் பொருளை வேறொருவர் சோதிக்க வாய்ப்பிருந்தது. சொன்னது பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை.

இதனால்தான் முத்திரை முக்கியமாகிறது. ‘வதையற்றது’ என்ற சொல்லுக்கு அமெரிக்காவில் சட்டப்படியான பொருள் வரையறை கிடையாது என்று அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகமே கூறுகிறது. முயல் படத்தை எவரும் வரைந்துகொள்ளலாம். பாயும் முயல் முத்திரையைப் பெற வேண்டுமானால், மூலப்பொருள் தருபவர்வரை கண்காணித்துக் காட்ட வேண்டும். வெளியார் தணிக்கைக்கும் இடம் தர வேண்டும். ஆனால் அந்த முத்திரை பெற்ற பொருளிலும் தேன்மெழுகு இருக்கலாம். முயலைக் காத்த முத்திரை தேனீயைப் பற்றிப் பேசுவதில்லை.

சிவப்பு எங்கிருந்து வருகிறது?

இரண்டாவது கேள்விக்குப் பதில் பொருளடக்கப் பட்டியலில் இருக்கிறது. தைப்பூசத்துக்கு விரதம் இருந்து பத்துமலைக்குப் பால்குடம் எடுக்கும் குடும்பங்களில், முட்டை கலந்த கேக்கைக்கூடத் தொடமாட்டார்கள். அதே வீட்டு ஒப்பனை மேசையில் உள்ள உதட்டுச்சாயத்தின் சிவப்பு, கள்ளிச்செடியில் வாழும் கொச்சினீல் எனும் சிறு பூச்சியிலிருந்து வந்ததாக இருக்கலாம். ஒரு பவுண்டு சாயத்துக்குச் சுமார் 70,000 பூச்சிகள் தேவை என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பட்டியலில் அது கார்மைன் என்றோ, சி.ஐ. 75470 என்ற எண்ணாகவோ இருக்கும்.

இன்னும் சில பெயர்களை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. லனோலின் ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் கொழுப்பு. சேரா ஆல்பா என்பது தேன்மெழுகு. சோடியம் டாலோவேட் என்பது விலங்குக் கொழுப்பில் செய்த சோப்பு. சி.ஐ. 75170 மீன் செதிலிலிருந்து வரும் மினுமினுப்பு. ஸ்குவாலேன் சுறாவின் ஈரலிலிருந்தும் வரும், ஆலிவ், கரும்பிலிருந்தும் வரும். கிளிசரினும் ஸ்டியரிக் அமிலமும் அப்படித்தான். பெயரை வைத்து மட்டும் தீர்மானிக்க முடியாத இந்த இடங்களில், தயாரிப்பாளரைக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஹலால் முத்திரை இருந்தால் போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. அது வேறு கணக்கு. முறைப்படி அறுத்த மாட்டிலிருந்து எடுத்த ஜெலட்டின் ஹலால் ஆகலாம், நனிசைவம் ஆகாது.

பழைய தமிழ் வாசனைப் பொருள்கள் எல்லாம் செடிகொடியிலிருந்து வந்தவை என்று பெருமைப்படுவதிலும் ஒரு திருத்தம் வேண்டும். புனுகு, புனுகுப் பூனையிடமிருந்து வருவது. கஸ்தூரி, கஸ்தூரி மானின் சுரப்பி. அதற்காகவே அந்த மான் வேட்டையாடப்பட்டது. ஆனால் அதே மரபு கஸ்தூரி மஞ்சளையும் கொடுத்தது. மானைத் தொடாமல் அதன் பெயரை மட்டும் வாங்கிக்கொண்ட கிழங்கு அது. பயத்தமாவு, சீயக்காய், மருதாணி, தேங்காய் எண்ணெய் ஆகியவை தெங்கு கிளானா சாலையில் எந்த நாளும் கிடைக்கும். சந்தா தேவையில்லை.

பாதரசமும் வீகன்தான்

மூன்றாவது கேள்விதான் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. பாதரசம் எந்த விலங்கிலிருந்தும் எடுக்கப்படுவதில்லை. அந்தக் கணக்கில் பாதரசம் கலந்த வெளுப்பாக்கும் களிம்பும் வீகன்தான். ஆனால் அது சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. சுகாதார அமைச்சின் கீழ் பெட்டாலிங் ஜெயாவில் இயங்கும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம், பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின் கலந்த பொருள்களைக் கண்டுபிடித்து அவற்றின் அறிவிப்பை ரத்து செய்து பெயர்களை வெளியிட்டு வருகிறது. கருப்பு மருதாணி என்று விற்கும் சாயத்தில் கலக்கப்படும் பி.பி.டி. எனும் இரசாயனத்துக்கும் விலங்குத் தொடர்பு இல்லை. கையில் கொப்புளம் எழுந்த பிறகு அந்தத் தகவல் ஆறுதல் தராது.

‘இயற்கையானது’ என்பதும் உத்தரவாதம் அல்ல. தேயிலைமர எண்ணெய், லாவெண்டர் எண்ணெய் போன்றவை சிலருக்கு ஒவ்வாமை தருபவை. பாதாம் எண்ணெய், பருப்பு ஒவ்வாமை உள்ளவருக்கு ஆகாமல் போகலாம்.

இங்கே ஒரு சின்னக் கணக்கைப் பார்ப்போம். புதிய பொருளை முழங்கையின் உட்பக்கத்தில் சிறிது இடத்தில், நாளுக்கு இருமுறை, 7 முதல் 10 நாள் தடவிப் பார்த்த பிறகே முகத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அமெரிக்கத் தோல் மருத்துவர் கழகம் அறிவுறுத்துகிறது. பெட்டியில் ஐந்து பொருள் இருந்தால், ஒன்றன்பின் ஒன்றாகச் சோதிக்க 35 முதல் 50 நாள் ஆகும். அதற்குள் அடுத்த பெட்டி வந்துவிடும்! அவசரத்தில் ஐந்தையும் ஒரே வாரத்தில் பூசினால், தோல் சிவந்தபோது குற்றவாளி எது என்று கண்டுபிடிக்க முடியாது. கவனமாகப் பார்ப்பவருக்கு மாதப் பெட்டியின் வேகம் ஒத்துவராது. ஆண்டு முடிவில் 60 குப்பிகள். அதில் பாதி திறந்தும் திறக்காமலும் இழுப்பறையில் கிடக்கும். காசும் வீண், குப்பையும் மிச்சம்.

என்ன செய்யலாம்?

மலேசியாவில் ஒப்பனைப் பொருள் விற்பனைக்கு வருமுன் ஒழுங்குமுறை நிறுவனத்திடம் அறிவிக்கப்பட வேண்டும். ஆசியான் நாடுகள் 2003-இல் செய்த உடன்பாட்டின்படி 2008-இல் நடப்புக்கு வந்த முறை இது. அறிவிப்பு என்பது அரசு சோதித்துக் கொடுத்த சான்றிதழ் அல்ல. பொருளுக்கு நிறுவனமே பொறுப்பு என்பதே அதன் பொருள். எனினும் பெயரோ எண்ணோ கொண்டு நிறுவனத்தின் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். வெளிநாட்டிலிருந்து நேரே வீட்டுக்கு வரும் பெட்டியில் உள்ளவை அந்தப் பட்டியலில் இல்லாமலிருக்க வாய்ப்புண்டு.

சிறு மாதிரிகளில் இன்னொரு சிக்கல். இடமில்லாத காரணத்தால் பொருளடக்கப் பட்டியலை உடன்வரும் தாளில் அச்சிட விதிகள் அனுமதிக்கின்றன. தாளை வீசிவிட்டால் பட்டியலும் போயிற்று. ஆகவே தாளைப் பத்திரப்படுத்துங்கள். பட்டியலே வராத மாதிரியைப் பூசாதீர்கள்.

பெட்டி வேண்டும் என்பவர்கள் சந்தா கட்டுமுன் மூன்று விவரங்களைக் கேட்டு வாங்குங்கள்: அடுத்த பெட்டியின் பொருள்களும் பட்டியலும் முன்கூட்டியே தரப்படுமா? ஒரு மாதம் நிறுத்திவைக்க முடியுமா? ரத்து செய்வது எப்படி? வீகன் என்று சொல்லி விலங்குப் பொருளை விற்றால், அது 2011ஆம் ஆண்டு வாணிப விவரிப்புச் சட்டத்தின் கீழ் புகார் செய்யத்தக்கது. பண இழப்புக்குப் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 5 ரிங்கிட் கட்டணத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலே கொண்டுபோகலாம்.

நேயர்களே, ஓர் உயிரை வதைக்காமல் அழகாக இருக்க வேண்டும் என்று ஒரு பெண் நினைப்பது உயர்ந்த எண்ணம். அந்த உயிர்களின் வரிசையில் அவளும் ஓர் உயிர்தான். முயலின் கண்ணுக்குக் காட்டும் இரக்கத்தைத் தன் தோலுக்கும் அவள் காட்ட வேண்டும். அருளைச் சந்தா கட்டி வரவழைக்க முடியாது. பட்டியலைப் படிக்கும் பத்து நிமிடப் பொறுமையில் அது இருக்கிறது.