தாக்கும் அணியை அமைப்பது எப்படி?



பள்ளியில் பெற்றோர் நாள் நடந்தது. செம்பனைக் காட்டில் உரம் போடும் வேலை செய்யும் ஓர் அம்மையார் நம்மைத் தேடி வந்தார். "ஐயா, எங்கள் பையன் பொழுது விடிந்தால் கைப்பேசி, பொழுது சாய்ந்தால் கைப்பேசி என்று கிடக்கிறான். என்னவோ பூதங்களைச் சண்டைக்கு விடுகிறானாம். நீங்கள்தான் அவனைக் கண்டிக்க வேண்டும்" என்று முறையிட்டார். கண்டிக்கிறோம் என்று நாமும் வாக்குக் கொடுத்தோம்.

மறுநாள் கணக்குப் பாடம். பின்னக் கணக்கு கொடுத்திருந்தோம். அந்தப் பையன் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தான். அருகில் போய்ப் பார்த்தால், கணக்கு ஒன்றும் இல்லை. பக்கம் முழுவதும் விசித்திரமான பெயர்கள், பக்கத்தில் எண்கள். அந்தத் தாளைக் கிழிப்பதற்கு நம் கை எழுந்துவிட்டது. அப்போதுதான் ஒரு வரி கண்ணில் பட்டது. "75 x 1.5 x 4 = 450" என்று எழுதி, இரண்டு கோடு போட்டிருந்தான். விடை சரியாக இருந்தது. தேர்வில் பெருக்கல் கணக்கை வெற்றிடமாக விட்டுவிடுகிற பையன் அவன்.

எழுந்த கையை இறக்கிக்கொண்டோம். "இது என்னப்பா?" என்று கேட்டோம். "நான் எப்படித் தோற்றேன் என்று பார்க்கிறேன், ஐயா" என்றான். அந்தத் தாளில் இருந்ததை, நேயர்களே, இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

முதலில் விளையாட்டு எது என்று சொல்லிவிடுவோம். போக்கிமோன் என்பது அதன் பெயர். 1996-ஆம் ஆண்டு ஜப்பானில் பிறந்தது. அதை உருவாக்கிய சத்தோஷி தஜிரி சிறுவனாக இருந்தபோது பூச்சிகளைப் பிடித்துச் சேர்ப்பதில் பெரும் ஆர்வம் கொண்டவர். அந்த ஆர்வமே இந்த விளையாட்டுக்கு வித்தாயிற்று. நம்மில் எத்தனை பேர் சிறு வயதில் சிலந்தியைப் பிடித்துத் தீப்பெட்டியில் அடைத்து, அடுத்த லயத்துப் பையனின் சிலந்தியோடு சண்டைக்கு விட்டிருக்கிறோம்! அந்தத் தீப்பெட்டி இன்று கைப்பேசியாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஒவ்வொருவரும் ஆறு உயிர்களைக் கொண்ட ஓர் அணியை அமைக்க வேண்டும். ஒவ்வோர் உயிருக்கும் நான்கு வித்தைகள் உண்டு. நெருப்பு, நீர், பனி, நிலம், இரும்பு என்று மொத்தம் 18 இனங்கள். நீர் நெருப்பை வெல்லும். நெருப்பு பனியை வெல்லும். எந்த இனம் எந்த இனத்தைத் தாக்கினால் என்ன ஆகும் என்று அட்டவணை போட்டால் 18 x 18 = 324 கட்டங்கள் வரும். ஏழாம் வாய்ப்பாட்டில் தடுமாறுகிற பிள்ளை அந்த 324 கட்டங்களையும் மனப்பாடமாகச் சொல்கிறான். ஆகவே அவனுக்கு நினைவாற்றல் இல்லை என்று நாம் இத்தனை நாள் எண்ணியது நம்முடைய பிழை.

இனி அவன் அணியைப் பார்ப்போம். தாக்குவதுதான் அவனுக்குப் பிடிக்கும். தற்காப்பு என்றாலே கோழைத்தனம் என்று நினைப்பவன். எனவே பலசாலிகளாகப் பார்த்து ஆறு டிராகன்களைத் தேர்ந்தெடுத்தான். டிராகனைட், சாலமென்ஸ், கார்சாம்ப், ஹைட்ரைகன், ஹாக்ஸோரஸ், டிராகபுல்ட் ஆகியவை அவை. ஒவ்வொன்றும் தனியே நின்றால் மலைதான். ஆனால் எதிரி அனுப்பியதோ வீவைல் என்னும் மெலிந்த பனிப்பூனை ஒன்று. ஆறு மலைகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன.

ஏன்? திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து வருவதை நாம் அறிவோம். அந்த மூன்று தலைப்புகளையும் கரும்பலகையில் எழுதி, அவன் தோல்வியை அவனையே ஆராயச் சொன்னோம்.

முதலாவது, வலி. வீவைலின் பனிக்குத்துக்கு வலிமை 75. தன் இனத்து வித்தையைத் தானே பயன்படுத்தினால் ஒன்றரை மடங்கு கூடும். கார்சாம்ப் டிராகன், நிலம் ஆகிய இரண்டு இனங்களையும் சேர்ந்தது. பனி இரண்டுக்கும் பகை. எனவே இரண்டும் இரண்டும் பெருகி நான்கு மடங்கு ஆகிறது. 75, ஒன்றரை மடங்காகி 112.5, அது நான்கு மடங்காகி 450. இதுதான் அந்தத் தாளில் நாம் கண்ட கணக்கு. ஆறு பேருக்கும் பனி பகை. ஆறு பேருக்கும் தேவதை இனமும் பகை. போதாக்குறைக்கு, டிராகன் வித்தை தேவதை இனத்தின்மேல் சிறிதும் பலிக்காது. ஒரே பலவீனம் உடைய ஆறு பலசாலிகள் சேர்ந்தால் அது ஆறு மடங்கு பலம் ஆவதில்லை. ஒரே ஓட்டையை ஆறு முறை போட்ட கூரைதான்.

இரண்டாவது, காலம். இந்த விளையாட்டில் வேகம் மிகுந்தவரே முதலில் அடிப்பார். கார்சாம்பின் அடிப்படை வேகம் 102; டிராகனைட்டுக்கு 80; வீவைலுக்கு 125. ஆறு டிராகன்களில் டிராகபுல்ட் ஒன்றுக்குத்தான் 142. மற்ற ஐந்தும் கையை ஓங்குவதற்குள் அடிவாங்கிவிடும். அடிக்கும் வலிமை இருந்தும், அடிக்கும் முறை வருவதற்கு முன்பே விழுந்துவிட்டால் அந்த வலிமையால் யாருக்குப் பயன்?

மூன்றாவது, இடம். யார் எப்போது களத்தில் இறங்குவது என்ற திட்டமே அவனிடம் இல்லை. முதலில் நின்றவர் முதலில் போனார். அடுத்தவர் அடுத்துப் போனார்.

இந்தக் கணக்கெல்லாம் கரும்பலகையில் இருக்கும்போது, பையனை அழைத்துப்போக அவன் தந்தையார் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். குலை வெட்டுபவர் அவர். நீண்ட அரிவாளோடு காலை முதல் அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தவர். பலகையைப் பார்த்து, "என்ன ஐயா இது?" என்றார். பையன் விளக்கினான். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"எல்லாரையும் வெட்டுகிற ஆளாகவே சேர்த்தால், விழுந்த குலையை யாரப்பா தூக்குவது? உதிரிப் பழத்தை யார் பொறுக்குவது? காட்டிலே கிடந்த பழம் ஆலைக்குப் போகாவிட்டால் வெட்டினவனுக்கு என்ன கூலி?"

நாம் ஒரு மணி நேரம் விளக்க முயன்றதை அந்தத் தோட்டத் தொழிலாளி மூன்று கேள்விகளில் முடித்துவிட்டார். பையன் தன் தந்தையை அன்றுதான் புதிதாகப் பார்ப்பவன்போல் பார்த்தான்.

அதன்பிறகு அணி மாறியது. தாக்கும் அணி என்ற கொள்கையை அவன் கைவிடவில்லை. நாமும் கைவிடச் சொல்லவில்லை. ஆறு டிராகன்களில் மூன்றை வைத்துக்கொண்டான், மூன்றை அனுப்பிவிட்டான். புதிதாக வந்தவர்கள் யார், அவர்களுக்கு என்ன வேலை என்பதைக் கேளுங்கள்.

முதல் ஆள் கிளிமோரா. பாதை திறப்பவர். எதிரியின் களத்தில் கூரிய கற்களைப் பரப்புவது அவர் வேலை. அதன்பின் எதிரணியில் யார் உள்ளே வந்தாலும், சாதாரணமாக உயிரில் எட்டில் ஒரு பங்கு குறையும். கல்லுக்குப் பகையான இனமானால் நான்கில் ஒரு பங்கு, சிலருக்குப் பாதியே போய்விடும். கிளிமோராவின் இடுப்பில் ஒரு கச்சை கட்டிவிட்டான். முழு உயிரோடு இருக்கும்போது எவ்வளவு பெரிய அடி விழுந்தாலும் அந்தக் கச்சை ஒரே ஒரு புள்ளி உயிரை மிச்சம் வைக்கும். அந்த ஒரு புள்ளியில் தன் வேலையை முடித்துவிட்டு அவர் விழுவார்.

இரண்டாம் ஆள் கோல்டெங்கோ. எதிரி அந்தக் கற்களைப் பெருக்கித் தள்ள முயன்றால், இவர் எதிரே நின்றால் அந்த வித்தைகள் பெரும்பாலும் பலிக்காது. காவலும் உண்டு, தாக்கும் வலிமையும் உண்டு.

அடுத்து, வைத்துக்கொண்ட மூவர். கார்சாம்ப் வாள் நடனம் ஒன்று ஆடினால் தாக்கும் பலம் இரு மடங்காகும். தடுப்புச் சுவர் போன்ற எதிரிகளை இடிக்க அவர். டிராகனைட் டிராகன் நடனம் ஆடுவார். ஒருமுறை ஆடினால் பலமும் வேகமும் ஒன்றரை மடங்கு, இரண்டாம் முறை ஆடினால் இரு மடங்கு. டிராகபுல்ட் வேகக்காரர், தப்பி ஓடும் எதிரியை முந்திப் பிடிக்க அவர்.

கடைசி ஆள் கிங்காம்பிட். இவர் வேகம் வெறும் 50. ஆனால் இவரிடம் ஒரு விந்தையான குணம் உண்டு. தம் அணியில் விழுந்த ஒவ்வொரு தோழருக்காகவும் இவருடைய அடியின் வலிமை நூற்றுக்குப் பத்து வீதம் ஏறும். ஐந்து பேரும் விழுந்தபின் தனியே நின்றால், ஒன்றரை மடங்கு வலிமையோடு நிற்பார். முன்னே போனவர்களின் உழைப்பு கடைசியில் நிற்பவரின் கையில் சேர்கிறது. தாத்தாவும் பாட்டியும் காடு வெட்டினார்கள். தாயும் தந்தையும் பால் வெட்டினார்கள், குலை வெட்டினார்கள். பிள்ளை பரீட்சை எழுதுகிறான். இதைவிட வேறு விளக்கம் வேண்டுமா?

இந்த அணியில் இன்னொரு நுட்பமும் உண்டு. கோல்டெங்கோவும் கிங்காம்பிட்டும் இரும்பு இனம். பனி அவர்களை அவ்வளவாக வருத்தாது. தேவதையும் அவர்களுக்குப் பகை இல்லை. புதிய மூவருக்கும் நில அடி பகை. ஆனால் பறக்கும் டிராகனைட்டை நில அடி தொடவே தொடாது. ஒருவர் பலவீனத்தை இன்னொருவர் மூடுகிறார்.

பயிற்சிப் புள்ளிகளைப் பங்கிடுவதும் ஒரு கணக்குத்தான். 2022-இல் வெளிவந்த ஸ்கார்லெட், வயலெட் ஆட்டங்களில் ஓர் உயிருக்கு மொத்தம் 510 புள்ளிகள். ஒரு குணத்துக்கு 252-க்கு மேல் போடக்கூடாது. தாக்குபவர் பலத்துக்கு 252, வேகத்துக்கு 252 என்று போட்டால் மிச்சம் 6. தற்காப்புக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. சம்பள நாளன்றே எல்லாவற்றையும் செலவிடும் குடும்பத்தைப் போன்றதுதான் தாக்கும் அணி. செலவிடலாம், ஆனால் எதற்காகச் செலவிடுகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். ஓர் ஆளை இழந்தால், பதிலுக்கு ஒரு பயன் கைக்கு வர வேண்டும்.

சிறியவர்களை இழிவாக எண்ணாதிருக்க இன்னொரு செய்தியும் சொன்னோம். 2014-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வாஷிங்டன் நகரில் நடந்த உலகப் போட்டி. தென் கொரியாவின் சேஜுன் பார்க் வெற்றி பெற்றார். இருவர் இருவராக மோதும் ஆட்டம் அது. அவர் அணியில் பச்சிரிசு என்ற சின்னஞ்சிறு அணில் இருந்தது. அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. அந்த அணில் என்ன செய்தது தெரியுமா? தோழன்மேல் விழ வேண்டிய அடிகளைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டது. அந்த இடைவேளையில் பக்கத்தில் நின்ற கியாராடோஸ் தடையின்றித் தாக்கியது. தாக்குபவன் தாக்குவதற்கு, தாங்குபவன் ஒருவன் வேண்டும்.

நேயர்களே, மாறிய அணியோடு பையன் ஆடினான். முதல் ஆட்டத்தில் தோற்றான். ஆனால் ஆறும் பூஜ்யமும் என்று தோற்றவன், இம்முறை எதிரியிடம் ஒரே ஓர் உயிர் மிஞ்சுமளவுக்குப் போராடித் தோற்றான். கைப்பேசியைத் தூக்கி எறியவில்லை. தாளை எடுத்துக் காரணத்தை எழுதினான். அடுத்த கணக்குச் சோதனையில் பின்னக் கணக்குகள் எல்லாவற்றையும் செய்திருந்தான். சில தவறு. ஆயினும் ஒன்றைக்கூட வெற்றிடமாக விடவில்லை. தவறு செய்தவனுக்குச் சொல்லித் தரலாம். எழுதாதவனுக்கு என்ன சொல்லித் தருவது? நமக்கு அந்தச் சிவப்புக் கோடுகள் மகிழ்ச்சியையே தந்தன.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள். பிள்ளை எந்நேரமும் ஆடட்டும் என்று நாம் சொல்லவில்லை. பாடம் முடிந்தபின் ஒரு மணி நேரம் என்று வரையறை வையுங்கள். இந்த ஆட்டத்தைப் பழக விலை கொடுத்துக் கருவி வாங்க வேண்டியதில்லை. ஆர்வலர்கள் உருவாக்கிய போக்கிமோன் ஷோடவுன் என்ற களத்தில் காசில்லாமல் பழகலாம். காசு கேட்டால் உங்களைக் கேளாமல் அழுத்தக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். எதிரே ஆடுபவர் முன்பின் அறியாதவர். அவரிடம் பெயர், ஊர், படம் எதையும் கொடுக்கக்கூடாது என்பதையும் சொல்லி வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏனப்பா தோற்றாய்?" என்று கேளுங்கள். அந்த அம்மையாரிடம் நாம் கொடுத்த வாக்கு நிறைவேறவில்லை. பையனை நாம் கண்டிக்கவில்லை. அவரிடம் அந்தத் தாளைக் காட்டினோம். எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் இவனே போட்ட கணக்கா, ஐயா?" என்று கேட்டார். "ஆம்" என்றோம். அதை மடித்து, சேலை முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.