பதிவேடுகளின் பதிவேடு

(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)



இவ்விழாவில் கணிப்பொறியைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் நம்மைப் பணித்துள்ளனர். நாமோ கரும்பலகையோடும் சுண்ணக்கட்டியோடும் வாழ்நாளைக் கழித்தோம். கணிப்பொறி முதிர்ந்த வயதில் நமக்கு வாய்த்த பாடம். அதனையும் இச்சங்கத்தின் மயிலாப்பூர் மாலை வகுப்பில், நம் மாணவரையே ஆசிரியராகக் கொண்டு கற்றோம். ஆகவே இன்று கற்பிக்க வரவில்லை. கற்றதை ஒப்பிக்க வந்துள்ளோம்.

பள்ளிக்கூடத்து அலமாரியை நினைத்துப் பாருங்கள். அதனுள் சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, இருப்புப் பதிவேடு எனப் பல ஏடுகள் உண்டு. அலமாரிக் கதவின் உட்புறத்தில், ‘இத்தட்டில் இன்ன பதிவேடு, இத்தனை எண்ணிக்கை’ என்று ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கும். புதிதாகப் பொறுப்பேற்கும் தலைமையாசிரியர் முதலில் படிக்க வேண்டியது அத்தாளையே. அது கிழிந்துபோனால் ஏடுகள் எல்லாம் இருந்தும் இல்லாதவையே.

நூலகத்திற்கும் இஃது பொருந்தும். அடையாற்றில் கர்னல் ஆல்காட் அவர்கள் 1886-ஆம் ஆண்டில் ஒரு நூலகத்தை நிறுவினார். 1894-ஆம் ஆண்டில், பள்ளிகள் பலவும் ஏற்க மறுத்த நம் சமுதாயக் குழந்தைகளுக்கென இலவசப் பள்ளி ஒன்றையும் தொடங்கினார். ஆயிரமாயிரம் சுவடிகள் உள்ள ஓரிடத்தில் நூற்பட்டியல் இல்லையேல் எழுத்தறிந்தவனும் குருடனே. 1924-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற கணிதப் பேராசிரியர் சீ. இரா. அரங்கநாதன் இக்குறையை உணர்ந்தே 1933-இல் கோலன் பகுப்பு முறையையும், 1934-இல் நூற்பட்டியல் விதிகளையும் வெளியிட்டார். நூலகத்தின் கதவு திறந்திருந்தால் மட்டும் போதாது. பட்டியலைக் கேட்கத் தெரிந்தவனுக்கே நூல் கைக்கு வரும்.

நிற்க. இனிக் கணிப்பொறிக்கு வருவோம்.

ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்னும் ஆங்கிலேய அறிஞர், 1970-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஓர் ஆய்வுரை வெளியிட்டார். செய்திகள் யாவற்றையும் அட்டவணைகளாக, நம் பதிவேட்டைப் போலவே வரிகளும் கலங்களும் கொண்டவையாக வைக்கலாம் என்பது அதன் சாரம். அம்முறையில் அமைந்த தரவுத்தளங்களே இன்று வங்கியிலும் இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் இயங்குகின்றன. அவரே 1985-ஆம் ஆண்டில், இத்தகைய தரவுத்தளத்திற்கு இருக்க வேண்டிய இலக்கணத்தை விதிகளாக வகுத்தார். அவற்றுள் நான்காம் விதி நம் கருத்திற்குரியது. தரவுத்தளத்தைப் பற்றிய விவரங்களும் அட்டவணைகளாகவே இருத்தல் வேண்டும். உரிமை பெற்றவர், மற்றச் செய்திகளைக் கேட்கும் அதே மொழியில் அவற்றையும் கேட்க இயல வேண்டும் என்பதே அவ்விதி. அலமாரிக் கதவின் தாளும் ஒரு பதிவேடாகவே இருக்க வேண்டும் என்று அவர் கூறியதாகக் கொள்ளலாம். இதனையே அமைப்புப் பட்டியல் என்கிறோம்.

நம் மாலை வகுப்பில் பயன்படுவது போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்னும் தரவுத்தளம். கலிபோர்னியாவில் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் 1986-இல் தொடங்கிய பணியின் வழிவந்தது. 1996-இல் இப்பெயர் பெற்றது. எவரும் விலையின்றிப் பெறலாம். அதில் ‘பி.ஜி. கிளாஸ்’ என்றோர் அட்டவணை உண்டு. தளத்திலுள்ள ஒவ்வோர் அட்டவணைக்கும் அதில் ஒரு வரி. அந்த அட்டவணைக்கும் அதற்குள்ளேயே ஒரு வரி. ‘பி.ஜி. அட்ரிபியூட்’ என்பதில் ஒவ்வொரு கலத்திற்கும் ஒரு வரி. அட்டவணைகளுக்குரிய கட்டுப்பாடுகளைப் பதிய இன்னொன்று, விளக்கக் குறிப்புகளைப் பதிய மற்றொன்று.

ஆனால் இவை ஒன்றையொன்று எண்களாலேயே சுட்டும். ‘இன்ன கலம் எந்த அட்டவணையில் உள்ளது’ என்ற எளிய கேள்விக்கும், இரண்டு மூன்று அட்டவணைகளை இணைத்துத்தான் விடை காண வேண்டும். புதிதாகக் கற்பவர் இங்கே திகைப்பர். அத்திகைப்பைப் போக்கவே துணைக் கருவிகள் தோன்றின. பி.எஸ்.க்யூ.எல். என்னும் கருவியில் ஒரு சாய்கோடும் ‘டி’ என்னும் எழுத்தும் தட்டி, அட்டவணையின் பெயரைக் கொடுத்தால், அதன் கலங்கள் யாவும் வரிசையாக வந்து நிற்கும். பி.ஜி. அட்மின் என்னும் கருவி, அனைத்தையும் மரத்தின் கிளைகளைப் போல் விரித்துக் காட்டும். 1992-ஆம் ஆண்டின் எஸ்.க்யூ.எல். தரநிலை வகுத்த ‘இன்ஃபர்மேஷன் ஸ்கீமா’ என்னும் பொதுச் சாளரமும் உண்டு. அது மைஎஸ்க்யூஎல் போன்ற பிற தளங்களிலும் இருப்பதால், ஒருமுறை கற்றது பலவிடத்தும் உதவும்.

இக்கருவிகள் கோனார் உரையைப் போன்றவை. கோனார் உரையின்றித் தேர்ச்சி பெற்ற தமிழ் மாணவர் அரியர். நாமும் அவருள் ஒருவர் அல்லர். எனினும் உரையை மட்டும் படித்து மூலத்தைத் தொடாதவன், தேர்வில் கேள்வி சற்று மாறினால் தடுமாறுவான். பி.எஸ்.க்யூ.எல். கருவியைச் சிறுகோடும் பெரிய ‘இ’ எழுத்தும் சேர்த்துத் தொடங்கினால், அது விடையோடு, அவ்விடையைப் பெறத் தான் கேட்ட கேள்வியையும் அச்சிட்டுக் காட்டும். தன் வழியை மறைக்காமல் காட்டும் ஆசிரியர் அன்றோ அது? மாணவர்களே, அக்கேள்வியைப் படியுங்கள்; ஒரு சொல்லை மாற்றிக் கேட்டுப் பாருங்கள். அவ்வாறுதான் நாமும் கற்றோம்.

இதனால் விளைந்த பயன் ஒன்றைக் கூறவேண்டும். அது நம் பிழையைப் பற்றியதும் ஆகும்.

நம் சங்கத்தின் நூல் உதவித் திட்டத்திற்கான தரவுத்தளத்தை அமைத்துத் தந்த இளைஞர் வெளிநாட்டில் வேலை கிடைத்துச் சென்றுவிட்டார். நல்ல பிள்ளை, ஆனால் ஒரு குறிப்பும் எழுதி வைக்கவில்லை. அட்டவணைகளின் பெயர்கள் அவருக்கே விளங்கும் சுருக்கெழுத்துகள். சென்ற ஆண்டு உதவி வழங்கும் வேளையில், கால்வாய்க் கரையிலிருந்து ஒரு தாய் வந்து, ‘ஐயா, என் மகள் பேரை மழைக் காலத்துலயே எழுதிக்கிட்டாங்களே’ என்றார். நாம் அறிந்த மூன்று அட்டவணைகளிலும் தேடினோம். ‘பதிவில் இல்லையம்மா’ என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அந்த அம்மையார் வாதாடவில்லை. அச்சொல்லைப் பலவிடங்களில் கேட்டுப் பழகியவர் போலத் தலைகுனிந்து சென்றார்.

அன்று மாலை, இளம் அறிவியல் முதலாண்டு பயிலும் நம் வகுப்பு மாணவி ஒருவர், ‘சாதிச் சான்றிதழ் எண்ணுக்குரிய கலம் எந்தெந்த அட்டவணைகளில் உள்ளது என்று கேட்டுப் பார்க்கலாமே ஐயா’ என்றார். பொதுச் சாளரத்தில் கேட்டார். மூன்று அட்டவணைகள் என்று விடை வந்தது. பின்னர் அதே கேள்வியை மூலப் பட்டியல்களிடம் கேட்டார். நான்கு என்று வந்தது!

இவ்வேறுபாட்டின் காரணம் யாவரும் அறியத்தக்கது. பொதுச் சாளரம், கேட்பவருக்கு உரிமையுள்ளவற்றை மட்டுமே காட்டும். மற்றவை இருப்பதாகவும் சொல்லாது. மூலப் பட்டியலோ, கடவுச்சொற்கள் போன்ற சில நீங்கலாக, இருப்பன யாவற்றின் பெயரையும் எவருக்கும் சொல்லும். உள்ளே இருப்பதைப் படிக்கத் தனி அனுமதி வேண்டும். ஆனால் இருக்கிறது என்பதை மறைக்காது. அம்மாணவி பொறுப்பாளரிடம் அனுமதி பெற்று நான்காம் அட்டவணையைத் திறந்தார். மழைக் காலத்தில் எழுதிக்கொண்ட பதினொரு பெயர்கள் அதில் இருந்தன. அந்த அம்மையாரின் மகள் பெயர் ஐந்தாவது. மறுநாள் காலை நாமே அவ்வீடு தேடிச் சென்று, ‘பதிவில் இல்லை என்றது எம் பிழை, தேடத் தெரியவில்லை என்பதே உண்மை’ என்று கூறிப் புத்தகங்களைக் கொடுத்து வந்தோம்.

அன்பர்களே! ‘பதிவில் இல்லை’ என்ற சொல்லால் நம் முன்னோர் இழந்தவை எத்தனை! பட்டா கேட்டவரும், சான்று கேட்டவரும், படியேறி நின்று அச்சொல்லையே பெற்றுத் திரும்பினர். எந்த ஏடுகள் உள்ளன என்பதே தெரியாதவனால் எதனைக் கேட்க இயலும்? 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதனை உணர்ந்து இயற்றப்பட்டது. அதன் நான்காம் பிரிவு, ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் தன் ஆவணங்களை முறையாகப் பட்டியலிட்டு வைத்தல் வேண்டும் என்றும், தன்னிடம் உள்ள ஆவண வகைகளைத் தானே வெளியிடல் வேண்டும் என்றும் விதிக்கின்றது. காட் அவர்களின் நான்காம் விதியும் இச்சட்டத்தின் நான்காம் பிரிவும் ஒரே அறத்தைக் கூறுவதாகவே நமக்குத் தோன்றுகின்றது. இருப்பதை அறிதலே முதல் உரிமை. பெறுதல் அதற்கு அடுத்தது.

மாணவச் செல்வங்களுக்கு மூன்று அறிவுரைகள் கூறி அமைவோம். ஒன்று, அமைப்புப் பட்டியலைக் கேளுங்கள். அதில் கைவைத்துத் திருத்த முற்படாதீர்கள். சேர்க்கைப் பதிவேட்டை நேர்வழியின்றித் திருத்தினால் என்ன கேடு விளையுமோ அதனினும் பெருங்கேடு விளையும். இரண்டு, அட்டவணையில் இத்தனை வரிகள் என்று பட்டியல் கூறுவது மதிப்பீடே. சரியான தொகை வேண்டுமாயின் எண்ணித்தான் பார்க்க வேண்டும். மூன்று, நீங்கள் அமைக்கும் ஒவ்வோர் அட்டவணைக்கும், அதன் கலங்களுக்கும் விளக்கக் குறிப்பு எழுதிப் பதியுங்கள். அதற்கென்றே ஒரு கட்டளை உண்டு. எழுதிய குறிப்பு தளத்திலேயே தங்கும். பின்னால் வருபவர் கேட்டவுடன் கிடைக்கும். வெளிநாடு சென்ற இளைஞர் அந்த ஒரு வரியை எழுதியிருந்தால், ஒரு தாய் தலைகுனிந்து திரும்பியிருக்க மாட்டார்.

இச்சங்கத்தின் நான்கு அட்டவணைகளுக்கும் அம்மாணவி இப்போது தமிழிலேயே குறிப்பு எழுதி வைத்துள்ளார். வெள்ளி விழா ஆண்டில் சங்கம் பெற்ற செல்வங்களுள் அதனையும் ஒன்றாக எண்ணுமாறு கேட்டுக்கொள்கின்றோம்.