உடையார்பாளையத்துப் பதங்களும் ஒலிப்பதிவுகளும்



அரியலூர், பெரம்பலூர் என்றால் சுண்ணாம்புக்கல், சிமென்ட் ஆலை என்றே வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். கர்நாடக இசைப் பதிவுகளைப் பற்றிப் பேச இந்த மண்ணுக்கு உரிமை உண்டா என்று கேட்டால், கனம் கிருஷ்ணையரின் பெயரைச் சொல்வேன்.

நம் பக்கத்துத் திருக்குன்றத்தில் பிறந்தவர் அவர். தஞ்சை அரண்மனைக்கு வந்த பொப்பிலி கேசவையாவிடம் கனமார்க்கம் என்னும் கம்பீரமான பாடுமுறையைக் கற்றுக்கொண்டு அசுர சாதகம் செய்தார். பிற்பாடு உடையார்பாளையம் ஜமீன்தார் கச்சி யுவரங்கரின் ஆதரவில் பதங்கள் என்னும் காதற்பாடல்களை இயற்றினார். அவரிடம் குருகுலவாசம் செய்த உறவினர் வேங்கடசுப்பையர், உ.வே.சாமிநாதையரின் தந்தை. சாமிநாதையரின் பிள்ளைப் பருவம் அரியலூரிலும் குன்னத்திலும் கழிந்தது. வீட்டில் கேட்டு வளர்ந்த செய்திகளை 1936இல் 'கனம் கிருஷ்ணையர்' என்ற நூலாக அவர் எழுதி வைத்தார். ஏடு தேடி அலைந்த அந்தக் கைகளே நம் ஊர்ப் பாட்டையும் காப்பாற்றின.

ஆனால் அச்சில் சாகித்தியம் நிற்கும், சங்கீதம் நிற்காது. அதைக் காத்தவர்கள் சென்னையில் இருந்த பெண்கள். வீணை தனம்மாள், அவர் பேத்திகள் பிருந்தா, முக்தா, பாலசரஸ்வதி ஆகியோரின் குடும்பத்தில் பதம் வாய்வழிச் சொத்தாக இருந்தது. பழைய 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கம் பெரும்பாலும் மூன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். விளம்ப காலத்தில் நடக்கும் பதத்துக்கு அது போதாது. பல்லவியை நிதானமாகப் பாடி முடிப்பதற்குள் தட்டு தீர்ந்துவிடும். நாடாப் பதிவும் நீண்ட நேர இசைத்தட்டும் வந்த பிறகே பதத்துக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது.

பிருந்தாவும் முக்தாவும் பாடிய பைரவிப் பதமான 'வேலவரே'யைக் கேளுங்கள். இரண்டு குரலும் ஒரே கமகத்தில் ஏறி ஒரே இடத்தில் இறங்கும். அவசரம் துளியும் இல்லை. சொல் முடிந்த பின்னும் ராகம் அந்த எழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அடாணாவில் 'திருவொற்றியூர் தியாகராஜன்', கல்யாணியில் 'பாரெங்கும் பார்த்தாலும்' ஆகியவையும் கனம் கிருஷ்ணையருடையவையே. இன்றைய கச்சேரிகளில் பதத்துக்குக் கடைசியில் சில நிமிடம் ஒதுக்குவதே பெரிதாக இருக்கிறது. இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. பதம் பாடத் தெரிந்தவர் ராகத்தின் உயிரை அறிந்தவர்.

ஜெயங்கொண்டம், அரியலூர், பெரம்பலூர் நூலகங்களில் மாதம் ஒரு மாலை இந்தப் பதிவுகளை ஒலிக்கச் செய்ய வேண்டும். பள்ளி இசை ஆசிரியர்கள் ஒரு பதத்தையாவது பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும். வீட்டுப் பரணில் பழைய தட்டோ நாடாவோ இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒலியைக் கணினிக்கு மாற்றத் தெரிந்தவர்களிடம் கொடுங்கள்.