மற்ற நேரத்தில் குரோமோசோம் எங்கே?

ஆசிரிய நண்பர்களே, “செல் பிரியும்போது எக்ஸ் மாதிரி தெரியுது, மற்ற நேரத்தில் குரோமோசோம் எங்கே போகுது சார்?” என்று பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னைக் கேட்டாள். எங்கும் போவதில்லை. தளர்ந்து, உட்கருவுக்குள்ளேயே இருக்கிறது. ஏறத்தாழ 2 மீட்டர் டி.என்.ஏ., சில மைக்ரோமீட்டர் அகலத்துக்குள்! நாமோ கரும்பலகையில் அதைச் சிக்கலான நூலாகக் கிறுக்கிவிடுகிறோம். உண்மையில் ஒவ்வொரு குரோமோசோமுக்கும் தனி இடம் உண்டு. 1885இல் கார்ல் ராபிள் ஊகித்ததைப் பின்னாளில் தனித்தனியே நிறமேற்றிப் பார்த்து உறுதிசெய்தார்கள். நான் வகுப்பில் சொல்வது 18ஐயும் 19ஐயும்தான். மனித இரத்த வெள்ளணுவில், ஜீன்கள் குறைந்த 18 பெரும்பாலும் விளிம்போரம். ஜீன்கள் செறிந்த 19 நடுவில். விளிம்பை ஒட்டிய ஜீன்கள் பெரும்பாலும் அடங்கியே கிடக்கும். பாடநூல் படம் இருக்கட்டும். பக்கத்திலேயே வண்ணச் சாக்பீஸால் திட்டுத்திட்டாக இன்னொரு உட்கருவை வரையுங்கள்.